சைடுல இன்டீரியர் பிசினஸ்: திருக்கோகர்ணத்துல இருந்து போடுற ஸ்டோரி காசாகுமா?



சம்பளம் 35,000. வேலை திருச்சியில, வீடு திருக்கோகர்ணத்துல. வீட்டுல தங்கச்சியோ மனைவியோ இன்டீரியர் டிசைன் படிச்சிருக்காங்க, இல்லன்னா அப்பாவே ஆசாரி. "நாமளே சைடுல ஆரம்பிச்சா என்ன? தினம் இன்ஸ்டாவுல ஸ்டோரி போட்டா ஆர்டர் தானா வந்துரும்"னு ஒரு யோசனை ஓடுதா? அப்போ இந்தப் பாடம் உங்களுக்குத்தான். ஸ்டோரியில என்ன போடணும்னு பார்ப்போம், கூடவே அதுக்குப் போற நேரத்துக்கும் பணத்துக்கும் கணக்கு போடுவோம். நிறைய பேர் முதல் பாதியை மட்டும் கத்துக்கிட்டு ரெண்டாவது பாதியில மாட்டிக்கறாங்க.

நம்ம ஊர் காசுல இருந்தே ஆரம்பிக்கலாம். புதுக்கோட்டைக்காரங்களுக்கு அம்மன் காசு பத்திச் சொல்ல வேண்டியதில்ல. சமஸ்தானம் அடிச்ச சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்துல 'விஜய'. ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரி சமயத்துல அரிசியோட இந்தக் காசையும் சேர்த்து மக்களுக்குக் கொடுத்தாங்க. தனியா ஒரு காசுக்கு என்ன மதிப்பு? ஒன்னுமில்ல. ஆனா அது வீடு வீடா போச்சு. 1948ல சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்ச பிறகும் ஊர் ஞாபகத்துல அந்தக் காசு நின்னுருச்சு.

ஸ்டோரியும் அப்படித்தான். ஒத்தை ஸ்டோரி ஒரு அம்மன் காசு. 320 சேர்ந்தாதான் ஒரு ரூபாய். முதல் வாரமே ஆர்டர் வரலைன்னு புலம்புறவங்க இந்த விகிதத்தை எழுதி ஃபோன் பின்னாடி ஒட்டிக்கலாம்.

இன்ஸ்டாவா, வாட்ஸ்அப்பா?

இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 2016 ஆகஸ்ட்ல வந்துச்சு. ஸ்னாப்சாட் ஏற்கெனவே வெச்சிருந்த ஐடியாவைப் பார்த்துப் பண்ணது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இப்போ இருக்கிற வடிவத்துல 2017 பிப்ரவரியில வந்துச்சு. ரெண்டுமே 24 மணி நேரத்துல மறைஞ்சிரும். வித்தியாசம் யார் பார்க்கிறாங்கங்கறதுல இருக்கு.

வாட்ஸ்அப்ல உங்க நம்பரை அவங்களும், அவங்க நம்பரை நீங்களும் சேவ் செஞ்சிருந்தாதான் ஸ்டேட்டஸ் தெரியும். அதாவது பார்க்கிற 150 பேரும் உங்களைத் தெரிஞ்சவங்க. இன்ஸ்டாவுல 1,500 பேர் பார்க்கலாம், அதுல பாதிப் பேர் கோயம்புத்தூர்லயும் ஹைதராபாத்லயும் இருப்பாங்க. அலமாரி செய்ய நீங்க ஹைதராபாத்துக்கா போகப் போறீங்க? ஆரம்பத்துல நம்ம மாதிரி ஊருக்கு வாட்ஸ்அப் தான் கடைவாசல், இன்ஸ்டா ஆல்பம். இன்ஸ்டாவுல பழைய ஸ்டோரிகளை 'ஹைலைட்ஸ்'ல சேர்த்து புரொஃபைல்லயே நிரந்தரமா வைக்கலாம். இந்த வசதிதான் கடைசியில காசு சேர்க்கப் போகுது, கீழே கணக்குல பாருங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. இன்ஸ்டாவுல பிசினஸ் கணக்குக்கு மாத்தினதும் சினிமா பாட்டு பலதும் கிடைக்காது, உரிமம் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான். கவலைப்படாதீங்க. ரம்பம் அறுக்கிற சத்தமே இந்தத் தொழிலுக்கு நல்ல பின்னணி இசை.

என்ன போடுறது?

முதல்ல எதைப் போட வேண்டாம்னு சொல்லிடறேன். இணையத்துல இருந்து எடுத்த இத்தாலி கிச்சன் படம். அதை எல்லாரும் போடறாங்க, நீங்க செஞ்சதில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி வீடு கட்டித் தர முடியுங்கற பளபள 3டி படம் மட்டும் போட்டா, கஸ்டமர் கடைசியில அந்தப் படத்தோடதான் உங்க வேலையை ஒப்பிடுவார். வம்பு.

நம்ம மாவட்டத்துல உங்களுக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கு. எத்தனை வீட்டுல ஒருத்தர் சிங்கப்பூர்லயோ, மலேசியாவுலயோ, வளைகுடாவுலயோ இருக்காங்க! அவங்க காசு அனுப்புறாங்க, வீடு இங்க எழும்புது. கட்டுறதை அவங்களால நேர்ல பார்க்க முடியாது. "என்ன மரம் போட்டாங்களோ, என்ன பூட்டு போட்டாங்களோ"ங்கற பயம் அவங்களுக்கு எப்பவும் உண்டு. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ற ஸ்டோரிதான் ஆர்டர் கொண்டு வரும்.

உதாரணத்துக்கு பிளைவுட். சைட்டுக்கு ஷீட் வந்து இறங்கினதும், அதுல அடிச்சிருக்கிற ஐஎஸ்ஐ முத்திரையை கிட்டப் போய் வீடியோ எடுங்க. ஐஎஸ் 303னு இருந்தா பொதுப் பயன்பாட்டு பிளைவுட், அதுலயே ஈரப்பதம் தாங்கும் எம்ஆர் ரகம், அதைவிட உறுதியான பிடபிள்யூஆர் ரகம்னு உண்டு. ஐஎஸ் 710ன்னு இருந்தா மரைன் பிளைவுட், தண்ணி புழங்குற சிங்க் அடிப்பக்கத்துக்கு ஏத்தது. "படுக்கையறை அலமாரிக்கு 710 தேவையில்ல, அங்க 303 போட்டு மிச்சப்படுத்தினோம். சிங்க் கீழ மட்டும் 710." இதை உங்க குரல்ல 20 வினாடியில சொல்லுங்க. பார்க்கிறவருக்கு ரெண்டு விஷயம் புரியும்: இவருக்கு வேலை தெரியும், என் காசை வீணடிக்க மாட்டார்.

அடுத்தது அளவு. இந்தத் தொழில்ல நிறைய சண்டை சதுர அடியில தான் வருது. 7 அடி அகலம், 8 அடி உயரம் அலமாரின்னா முன்பக்கம் 56 சதுர அடி. சிலர் இந்த முன்பக்கத்துக்கு மட்டும் ரேட் சொல்வாங்க. சிலர் உள்ளே இருக்கிற தட்டு, பக்கப் பலகை எல்லாத்தையும் விரிச்சு அளந்து ரேட் சொல்வாங்க. ரெண்டாவது ஆள் சொல்ற ரேட் கேட்க மலிவா இருக்கும், பில் பெருசா வரும். டேப்பை வெச்சு இதை மூணு ஸ்டோரியா காட்டுங்க. "உங்க கொட்டேஷன்ல எந்த அளவு?"ன்னு கடைசியில ஒரு போல் ஸ்டிக்கர். இதுக்கு வர்ற பதில்களே உங்க முதல் கஸ்டமர் லிஸ்ட்.

பக்கத்துல செட்டிநாடு இருக்கிறதையும் மறந்துடாதீங்க. ஆத்தங்குடி கல்லை இன்னும் கண்ணாடி மேல வண்ணம் ஊத்தி, மேல சிமென்ட்டும் மணலும் போட்டு, கையால செய்யறாங்க. சூளையில சுடறதில்ல, தண்ணியில ஊற வெச்சு பதப்படுத்தறாங்க. அதனால ஒரு கல் மாதிரி இன்னொன்னு அச்சு அசலா இருக்காது. கஸ்டமருக்கு இதை முன்னாடியே ஸ்டோரியில காட்டிட்டா, போட்ட பிறகு "கலர் மாறியிருக்கே"ன்னு ஃபோன் வராது. பாதிப் புகாரை வேலைக்கு முன்னாடியே தீர்த்து வைக்கிற வித்தை இது.

நேரம்: நம்ம இரவு 8 மணிக்கு சிங்கப்பூர்ல 10.30, துபாய்ல மாலை 6.30. ரெண்டு ஊர்க்காரரும் முழிச்சிருப்பாங்க.

அடுத்தவர் வீடு, உங்க ஸ்டோரி

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நம்ம ஊர் சின்ன ஊர். ஜன்னல் வழியா கோயில் கோபுரம் தெரிஞ்சாலே எந்தத் தெருன்னு கண்டுபிடிச்சிருவாங்க. வீட்டுக்காரர் வெளிநாட்டுல, வயசான அம்மா மட்டும் தனியா இருக்காங்க. அந்த வீட்டுல லாக்கர் வைக்கிற அலமாரியை நீங்க வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டினா என்ன அர்த்தம்? லாக்கர், பின்கதவு, கதவிலக்கம், பூஜையறை வெள்ளி, இதெல்லாம் ஃப்ரேம்லயே வரக்கூடாது. "வீட்டைப் படம் எடுத்துப் போடலாமா, எந்தெந்த அறை?"ங்கறதை கொட்டேஷன்லயே ஒரு வரியா எழுதி கையெழுத்து வாங்குங்க. சம்மதிச்சா சின்ன தள்ளுபடி தரலாம், அது விளம்பரச் செலவு. சைட் முன்னேற்றத்தை முழுசா காட்டணும்னா அந்தக் குடும்பத்துக்கு மட்டும் தெரியற மாதிரி ஸ்டேட்டஸ் பிரைவசியை மாத்திக்கோங்க.

இப்போ கணக்கு

எடுத்துக்காட்டுக்கு வெச்சுக்கற எண்கள்தான் இது, உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க. ஒரு ஆர்டர் 1,20,000 ரூபாய். பொருள் 72,000. ஆசாரி கூலி 24,000. வண்டி வாடகை 4,000. கீறல், திரும்பச் செய்றது 3,000. மொத்தச் செலவு 1,03,000. மிச்சம் 17,000. திருச்சியில இருந்து எட்டு தடவை வந்து போன பெட்ரோல் 3,200 போக 13,800.

"பரவாயில்லையே, ஒரே ஆர்டர்ல பதினாலாயிரம்!" பொறுங்க. அந்த ஆர்டர் வர்றதுக்கு மூணு மாசம் தினம் 45 நிமிஷம் ஸ்டோரிக்குச் செலவழிச்சீங்க. 90 நாளுக்கு 67.5 மணி நேரம். சைட்ல எட்டு நாள், நாளுக்கு 5 மணி, அது 40. மொத்தம் 107.5 மணி நேரம். 13,800ஐ வகுத்தா மணிக்கு 128 ரூபாய். உங்க வேலையில? 35,000ஐ 26 நாள், 8 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 168. அதாவது ஞாயித்துக்கிழமையை வித்து, சம்பளத்தைவிடக் கம்மி கூலிக்கு உழைச்சிருக்கீங்க.

ஆனா ரெண்டாவது ஆர்டரைப் பாருங்க. அந்தக் கஸ்டமர் ஹைலைட்ஸ்ல இருந்த அதே பழைய ஸ்டோரிகளைப் பார்த்து வந்தார்னா, செலவு சைட் நேரம் 40 மணி மட்டும்தான். மணிக்கு 345 ரூபாய். ஸ்டோரியோட வருமானம் அது மறைஞ்ச பிறகுதான் வருது. அதனால தினம் போட்டே ஆகணும்னு வெறியா இருக்காதீங்க. சைட் நாள்ல மொத்தமா எடுத்து, வாரத்துல நாலு போட்டு, 'பிளைவுட்', 'அளவு', 'முடிச்ச வேலை'ன்னு ஹைலைட்ஸ்ல பிரிச்சு வைங்க. இதுக்காக புது ஐஃபோனை இஎம்ஐயில வாங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். இருக்கிற ஃபோன், ஒரு சாதாரண ட்ரைபாட், பகல் வெளிச்சம் போதும்.

அட்வான்ஸ் உங்க காசு இல்ல

இன்டீரியர் தொழில்ல சம்பளக்காரங்க மாட்டிக்கற இடம் இதுதான். 50 சதவீதம் அட்வான்ஸ், 60,000 ரூபாய் ஜிபேல விழுது. உங்க ரெண்டு மாச சம்பளம் கிட்ட. அதே அக்கவுண்ட்ல இருந்து வண்டி இஎம்ஐ போகுது, வாடகை போகுது. மூணு வாரம் கழிச்சு பிளைவுட் வாங்கப் போனா காசு குறையுது. அப்போ அடுத்த கஸ்டமர் அட்வான்ஸை எடுத்து இந்த வேலையை முடிக்கறீங்க. அடுத்தவர் வேலைக்கு? அதுக்கடுத்தவர். ஸ்டோரி நல்லா ஓடி ஆர்டர் வேகமா வந்தா இந்தச் சங்கிலி இன்னும் வேகமா நீளும். ஒரு மாசம் ஆர்டர் வராம நின்னா, கடைசியில இருக்கிறவர் வீட்டு வாசல்ல வந்து நிப்பார். ஊரே உங்க காண்டாக்ட் லிஸ்ட்ல இருக்கிறதால செய்தியும் அதே ஸ்டேட்டஸ் வேகத்துல பரவும்.

வழி எளிமையானது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. அட்வான்ஸ் வந்த வாரமே அந்த வேலைக்கான பொருளை வாங்கி பில்லை கஸ்டமருக்கு அனுப்பிடுங்க. வேலை முடிஞ்சு கடைசித் தவணை வந்த பிறகுதான் உங்க பங்கை சம்பளக் கணக்குக்கு மாத்தணும்.

வரி, வேலை ஒப்பந்தம்

வேகமா பார்த்துடலாம். 1961 வருமான வரிச் சட்டத்துல இன்டீரியர் டெக்கரேஷன் ஒரு தொழில்முறைப் பணியா குறிப்பிடப்பட்டிருக்கு. அதனால டிசைன் ஃபீஸ் மட்டும் வாங்கினா 44ஏடிஏ பிரிவுல வருமானத்துல பாதியை லாபமா காட்டலாம். பொருள் வாங்கி வேலையைச் செஞ்சு கொடுத்தா அது வியாபாரக் கணக்குக்குள்ள, 44ஏடிக்குப் போகலாம், அங்க 8 சதவீதம், வங்கி வழியா வந்த பணத்துக்கு 6 சதவீதம். ஃபீஸையும் வேலையையும் தனித்தனி பில்லா போட்டுட்டு எது எதுலங்கறதை ஆடிட்டர்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க. 2025 புதுச் சட்டத்துக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1, அதுல பிரிவு எண்கள் வேற. ரிட்டர்ன் வழக்கமான ஐடிஆர் 1 இல்ல, ஐடிஆர் 4. ஜிஎஸ்டிக்கு சேவைன்னா ஆண்டுக்கு 20 லட்சம் வரம்பை மனசுல வைங்க. உத்யம் பதிவு இலவசம், காசு கேட்கிற சைட் எதுவா இருந்தாலும் மூடிட்டு வந்துருங்க.

கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வேற வேலை செய்யக்கூடாதுன்னு வரி இருக்கான்னு பாருங்க. அரசு ஊழியர்னா முன் அனுமதி இல்லாம தனித் தொழிலுக்கு நடத்தை விதிகள் இடம் தராது, உங்க முகம் ஸ்டேட்டஸ்ல வந்தா அதுவே சாட்சி. "மனைவி பேர்ல ஆரம்பிச்சுக்கறேன்"னா, நீங்க இனாமா கொடுத்த முதலீட்டுக்கான லாபப் பங்கு உங்க வருமானத்தோடயே சேரும். அவங்க சேமிப்புலயே அவங்க ஆரம்பிச்சா பிரச்சினை இல்ல.

கடைசியா சீசன். ஆடியிலயும் மார்கழியிலயும் கிரகப்பிரவேசம் இருக்காது, ஆர்டரும் மந்தம். அந்த மாசத்துல உங்க வீட்டு அலமாரியையே பிரிச்சு, கீல் மாத்தறது, கறையான் பார்க்கிறதுன்னு எடுத்து வெச்சுக்கோங்க. ஆடி முடிஞ்சு கொஞ்ச நாள்ல நவராத்திரி வரும், கொலுப்படிக்கு ஆர்டர் கேட்டு நாலு பேர் கூப்பிடுவாங்க. பிரிச்சு மடிச்சு வைக்கிற மாதிரி ஏழு படி, சின்ன வேலை, கடன் தேவையில்ல. முதல் ஆர்டரா அதையே எடுங்க. செலவு எவ்வளவு ஆச்சு, எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கீழே கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவுல உங்க எண்ணை வெச்சே மணிக்கு எவ்வளவுன்னு பார்ப்போம்.