இமைக்குள் தோன்றும் கட்டி

தறியில் இழை பார்ப்பதற்கும் பயிரில் பூச்சி பார்ப்பதற்கும் கண்ணே நமது முதல்.

இமையின் உட்புறக் கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைபட்டால், வலியற்ற கெட்டியான உருண்டை மெல்ல வளரும். மேல்தோல் அதன்மீது எளிதில் நகரும். இமையைப் புரட்டினால் அவ்விடம் சிவந்து காணும். கண்கட்டியோ விரைவில் வீங்கி, தொட்டால் வலிக்கும்.

இரண்டிற்கும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியால், இளஞ்சூட்டில், நாளொன்றுக்கு 3, 4 முறை, 10 நிமிடம் ஒற்றடமிடலாம். பிதுக்குதல், கீறுதல் ஆகா. சில வாரங்களில் கரையாவிடில் கண் மருத்துவரை நாடுவோமாக.

நீக்கிய இடத்திலேயே மீண்டும் எழுதல், இமைமயிர் உதிர்தல், புண்ணாகிக் குருதி கசிதல் ஆகியவை, சிறப்பாக முதியோரிடத்து, புற்றுநோயின் அறிகுறியாகலாம். அப்போது சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தலே ஐயம் தீர்க்கும். தாமதம் கண்ணுக்கே கேடு.