அலுவலகக் குழுப்பணியும் ஒத்திகையற்ற நடிப்பும்

ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் குடிநீர்த் திட்டம் பற்றிய ஆய்வுக் கூட்டம் நடைபெறுவதாகக் கொள்வோம். தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தில் கோடைக்காலத்து நீர் உப்புக் கரிக்கும் என்பது இளநிலைப் பொறியாளருக்குத் தெரியும். மார்ச் 31-க்குள் செலவிடாத தொகை காலாவதியாகும் என்பது கணக்கருக்குத் தெரியும். அவ்வூர்ப் பெண்கள் வேறோர் இடத்தைக் கேட்கின்றனர் என்பது கிராம ஊழியருக்குத் தெரியும். தலைமை தாங்கும் அதிகாரி, "ஏதேனும் ஐயம் உண்டா?" என வினவுகிறார். ஒருவரும் வாய் திறப்பதில்லை. குழாய்க்கிணறு தோண்டப்படுகிறது, அடுத்த கோடையில் பயனற்றுப் போகிறது. இழப்புக் கணக்கில் பணமும் குழாயும் இடம்பெறும். சொல்லப்படாமற்போன மூன்று செய்திகள் இடம்பெற மாட்டா.

இத்தகைய மௌனம் இந்திய அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. 1977 மார்ச் 27 அன்று டெனரீப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில், இரு பெரும் விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். எதிரே மற்றொரு விமானம் இன்னும் பாதையில் இருக்கிறதோ என்று பறப்புப் பொறியாளர் ஐயம் எழுப்பினார். அனுபவம் மிக்க தலைமை விமானி அதைத் தள்ளிவிட்டார். பொறியாளர் மேலும் வற்புறுத்தவில்லை. இவ்விபத்தையும் இது போன்ற பிறவற்றையும் ஆராய்ந்த அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா, 1979-இல் ஒரு பயிலரங்கைக் கூட்டியது. விமானம் ஓட்டும் திறனோடு குழுவாகப் பேசும் திறனையும் கற்பிக்கும் பயிற்சி அதன்பின் உருவாயிற்று. பாவனை விமான அறையில், முன்கூட்டிச் சொல்லப்படாத இடர்களை ஒரு குழுவாகச் சமாளித்துக் காட்டுவது அதன் ஒரு பகுதி. பேசுவது எப்படி என்பதைச் சொற்பொழிவால் கற்பிக்க இயலாது. பேசித்தான் பழக வேண்டும்.

விளையாட்டிலிருந்து பிறந்த முறை

ஒத்திகையற்ற நடிப்புப் பயிற்சி இத்தேவைக்குப் பொருந்துவதற்கு அதன் பிறப்பிடமே காரணம் எனலாம். அது நாடக மேடையில் தோன்றியதன்று. சிகாகோ நகரில் ஜேன் ஆடம்சும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் நிறுவிய ஹல் ஹவுஸ் என்னும் சமூகநல இல்லத்தில், நீவா பாய்ட் என்ற அம்மையார் விளையாட்டு வழியாகச் சமூகப் பணியைக் கற்பித்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், 1930-களின் இறுதியில் அரசின் வேலைவாய்ப்புத் திட்டமொன்றின் கீழ் நாடகப் பயிற்சியை மேற்பார்வையிட்டார். பல மொழி பேசும் குடியேறியோரின் பிள்ளைகள் ஒருங்கே பழக வேண்டியிருந்தமையால், எழுதி வைத்த வசனம் உதவவில்லை, விளையாட்டுகளை வகுத்தார். அரசு நிதியில் வளர்ந்த ஒரு பயிற்சி முறை, பின்னர் அவர் மகன் பால் சில்ஸ் வழியே 1959-இல் செகண்ட் சிட்டி என்ற நாடக அரங்கின் அடித்தளமாயிற்று என்பதை நம் பயிற்சி நிலையங்கள் கருத்திற்கொள்வது நன்று. ஸ்போலினின் நூல் 1963-இல் வெளிவந்தது. முன்னேற்பாடின்றிப் பேசி நடித்தல் நம் நாட்டுக்கும் புதிதன்று. குஜராத்தின் பவாய், மகாராஷ்டிரத்தின் தமாஷா ஆகியவற்றில் அது நெடுங்காலமாக உண்டு.

"கண்ணாடி" என்பது எளிய பயிற்சி. இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவர் அசைவதை மற்றவர் பிம்பமாகச் செய்வார். பிறகு இடம் மாறுவர். இறுதியில் எவர் முன்னே செல்கிறார், எவர் பின்பற்றுகிறார் என்று கூறவியலாத நிலை வரும். துணைச் செயலரும் எழுத்தரும் இதைச் சேர்ந்து செய்வது, ஐந்து மணித்துளிகளேனும், இருவருக்கும் புதிய அனுபவமாக இருக்கும்.

மற்றொன்று "ஆம், அத்துடன்". ஒருவர் கூறியதை ஏற்று, அடுத்தவர் அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேலை நாடுகளில் இது, பிறர் கருத்தை உடனே மறுக்கும் பழக்கத்திற்கு மருந்தாகக் கொள்ளப்படுகிறது. நம் அலுவலகங்களில் நோய் வேறு. "ஆம், ஐயா" என்பதற்கு இங்கே பஞ்சமில்லை. "அத்துடன்" என்பதே கிடைப்பதில்லை. எனவே பயிற்றுநர் அப்பின்பகுதியையே வற்புறுத்த வேண்டும். "ஆம், அந்த இடத்தில் தோண்டலாம், அத்துடன், மே மாதத்து நீரின் உப்பையும் பார்த்துவிடலாம்" என்று சொல்லப் பழகிய பொறியாளர், மரியாதை குன்றாமலே தம் செய்தியைக் கூறிவிடுகிறார்.

மூன்றாவது பயிற்சி பதவி பற்றியது. லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் பணியாற்றிய கீத் ஜான்ஸ்டன், மேல்-கீழ் நிலை என்பது குரலிலும் பார்வையிலும் அமர்வதிலும் வெளிப்படுவதை விளையாட்டுகளாக்கினார். 1979-இல் நூலாகவும் எழுதினார். இன்று பரவலாகக் கையாளப்படும் ஒரு வடிவில், ஒவ்வொருவரும் ஒரு சீட்டைத் தாம் பார்க்காமல் நெற்றியில் வைத்துக்கொள்வர். பிறர் அச்சீட்டின் மதிப்புக்கேற்ப நடத்துவர். தமக்கு இரண்டோ ராஜாவோ வாய்த்தது என்பதை அவர் விரைவில் கண்டுகொள்வார். இரண்டு வாய்த்த அதிகாரி, தம் பேச்சை எவரும் கேளாததை அன்று உணர்வார்.

தடைகள்

இங்குதான் சிக்கலும் எழுகிறது. மேலதிகாரி நாற்காலியில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பாராயின், பயிற்சி தீங்கே விளைக்கும். கீழ்நிலை ஊழியர்களுக்கு அது தேர்வுக்கூடமாகிவிடும். அவர் பங்குகொள்ள வேண்டும், அல்லது அறையை விட்டு விலக வேண்டும். அங்கு நிகழ்ந்தது எதுவும் பணி மதிப்பீட்டு அறிக்கையில் இடம்பெறலாகாது. கூச்சமுள்ளோரை வற்புறுத்தலும் தகாது. பெண் ஊழியர்கள் பங்குபெறும்போது தொடுதல் வேண்டியிராத பயிற்சிகளைத் தேர்வதே முறை.

மத்திய அமைச்சரவை 2020 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த கர்மயோகி இயக்கம், விதிகளைக் கற்பிப்பதோடு நில்லாமல் நடத்தைத் திறன்களுக்கும் இடமளிக்கிறது. கணினி வழிப் பாடங்களால் பெருந்தொகையினரை எட்டலாம்; ஆயினும் எதிரே நிற்பவரின் முகத்தைக் கவனித்து விடையிறுக்கும் பழக்கம் திரையினால் வாராது. ஒரு வெறும் அறையும் பன்னிரண்டு பேரும் ஓரளவு தேர்ந்த பயிற்றுநரும் போதும், செலவு அற்பமே. இதனாலேயே இது கேளிக்கையாகவும் கருதப்பட்டுவிடுகிறது. விளையாட்டு முடிந்தபின் கலந்துரையாடலுக்கு விடப்படும் நேரத்தை உணவு இடைவேளைக்குத் தள்ளிவிடும் வழக்கம் அதற்கு ஒரு காரணம்.

பயன் விளைந்ததா என்று அறியப் பங்கேற்றோரிடம் கருத்துப் படிவம் வாங்குவது போதாது; படிவத்திலும் "ஆம், ஐயா" என்றே எழுதுவர். பயிற்சிக்கு முந்தைய மூன்று மாதங்களின் ஆய்வுக் கூட்டக் குறிப்புகளையும் பிந்தைய மூன்று மாதங்களின் குறிப்புகளையும் அருகருகே வைத்து, இளநிலைப் பொறியாளரும் கணக்கரும் கிராம ஊழியரும் எழுப்பிய ஐயங்கள் எத்தனை பதிவாகியுள்ளன, அவற்றுள் எத்தனை திட்ட மதிப்பீட்டை மாற்றின என எண்ணிப் பார்க்கலாம்.