அகதியா, தாயகம் திரும்பியவரா?

நம் சங்கத்து மாணவர் ஒருவர் அண்மையில் உதவித்தொகை விண்ணப்பமொன்றை ஆங்கிலத்தில் எழுதினார். நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராக இருந்த தம் பாட்டனாரை 'ரெப்யூஜி' என்று குறித்திருந்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. "இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்தாமே, அகதி என்றால் என்ன பிழை?" என்று என்னிடம் கேட்டார்.

'ரெப்யூஜி'க்குள் 'ரெப்யூஜ்', அஃதாவது புகலிடம், இருக்கிறது. அச்சத்தால் தன் நாட்டை விட்டோடி வேறு நாட்டில் புகல் கேட்பவர் அவர். புகல் கிடைத்ததனால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது. 'ரிபேட்ரியேட்' வேறு. இதனுள் இருப்பது 'பாட்ரியா' என்னும் இலத்தீன் சொல். தந்தையர் நாடு என்பது பொருள். சொந்த நாட்டிற்கு மீண்டும் அனுப்பப்பட்டவர் என்று விரியும். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி 5,25,000 தோட்டத் தமிழரைக் குடிமக்களாக ஏற்க இந்தியா ஒப்பியது. அவ்வாறு வந்தோருள் சில குடும்பங்களே கட்சாலில் குடியமர்த்தப்பட்டன. ஆகவே பாட்டனார் அகதி அல்லர். 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி இராமேசுவரக் கரையில் வந்திறங்கியவர்களே ரெப்யூஜிகள். ஒரு சொல் பிசகினால் குடியுரிமையே பிசகிவிடுகிறது!

எனினும், இலங்கையிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர் எங்கே 'திரும்பினார்'? முன்னால் நிற்கும் அந்த 'ரி' அரசாங்கத்தின் கணக்கு, அவர் மனக்கணக்கன்று.

1949 முதல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அந்தமானுக்கு வந்த வங்காளிக் குடும்பங்களைப் பேச்சில் ரெப்யூஜி என்றனர். அரசுத் தாள்களில் 'டிஸ்பிளேஸ்டு பெர்சன்', இடம் பெயர்க்கப்பட்டவர். நிலம் பெற்று உழத் தொடங்கியதும் 'செட்டிலர்'. குடும்பம் என்னவோ ஒன்றுதான்.

'எமிக்ரண்ட்', 'இம்மிக்ரண்ட்' இரண்டும் ஒரே ஆள். விட்டுச் சென்ற கரையிலிருந்து பார்த்தால் முன்னது, போய்ச் சேர்ந்த கரையிலிருந்து பார்த்தால் பின்னது. இராமநாதபுரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு, 2024 முதல் அது ஸ்ரீ விஜயபுரம், பிழைக்க வந்த நம்மவர் இரண்டுமல்லர். கடல் கடந்தாரேயன்றி நாடு கடக்கவில்லை. 'மைக்ரண்ட்' என்றால் போதும்.

'கன்விக்ட்', 'பிரிசனர்' என்பவற்றையும் நாம் கைதி என்றே பெயர்த்துவிடுகிறோம். முன்னவர் குற்றத் தீர்ப்புப் பெற்றவர், பின்னவர் அடைபட்டிருப்பவர். விசாரணைக்குக் காத்திருப்பவர் பிரிசனர், கன்விக்ட் அல்லர். 1858-இல் இங்கு ஏற்பட்ட தண்டனைக் குடியிருப்பில் இதற்கு நேர்மாறானவரும் இருந்தனர். நன்னடத்தைச் சீட்டுப் பெற்று, சிறைக்கு வெளியே நிலம் உழுது வாழ்ந்த அவர்கள் கன்விக்ட், அடைபட்டவர் அல்லர்.

மாணவர் இப்போது சொல்லைத் திருத்திவிட்டார். 'பிளேஸ் ஆப் பர்த்' என்ற இடத்தில் கட்சால் என்று தயங்காமல் எழுதினார். அடுத்த கட்டம் 'நேட்டிவ் பிளேஸ்'. அதை நிரப்பப் பாட்டனாரிடம் கேட்கப் போயிருக்கிறார்.