தோழியின் படம் பரவிவிட்டால்…

திருவந்திபுரத்தில் முகூர்த்தம் குறித்திருக்கும் பெண்ணின் அந்தரங்கப் படத்தை எவனோ பரப்பிவிட்டான். அவள் முதலில் உங்களிடம்தான் அழுவாள். "ஏன்டி எடுத்துக் கொடுத்தே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பரப்பியதுதான் குற்றம். "நான் இருக்கேன், என்ன செய்யலாம்னு சொல்லு" போதும். வீட்டில் சொல்வதா, போலீசுக்குப் போவதா என்பது அவள் முடிவு.

பதற்றத்தில் எல்லாவற்றையும் அழிக்கப் பார்ப்பாள், தடுங்கள். லிங்க், அனுப்பிய எண், கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்கள் அவள் போனிலேயே இருக்கட்டும். ஆதாரத்துக்கு என்றுகூட படத்தை உங்கள் போனுக்கு வாங்காதீர்கள். மிரட்டுபவனுக்குப் பணம் தரவே வேண்டாம், திரும்பவும் கேட்பான்.

கடலூர் மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் தரலாம். மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். படம் பரவுவதைத் தடுக்க உதவும் 'ஸ்டாப் என்சிஐஐ' தளம் 18 வயது நிரம்பியவர்களுக்கு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே ஒரு ரகசியக் குறியீடு உருவாகி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் அதே படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்க உதவும். வாட்ஸ்அப் குழுவில் ஓடுவதை இது நிறுத்தாது. சிறுமி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

'புகாரால் என்ன ஆகப்போகிறது' என்பார்கள். ஆனால், இப்படிப் பரவிய ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பெண்களைப் படமெடுத்து மிரட்டிய பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் அதே ஆண்டு மே மாதம் 9 பேருக்கும் சாகும்வரை சிறை.

மிரட்டலில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அவள் தூங்காமல் தவித்தால் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள்; நள்ளிரவிலும் எடுப்பார்கள்.