பனிமடியா, அலைதாடியா?

ஆங்கில வகுப்பில் ஒரு நாள் 'டியூலாப்' என்னும் சொல் வந்தது. காளையின் படத்தைக் காட்டி, "இதன் பொருள் யாருக்குத் தெரியும்?" என்று சிஸ்டர் கேட்டார்கள். 'டியூ' என்றால் பனி. 'லாப்' என்றால் மடி. ஆகவே "பனிமடி!" என்று உரக்கக் கூறினோம். அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் தோழி மட்டும், "அலைதாடி, சிஸ்டர்" என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். சிஸ்டர் சிரிக்கவில்லை, அகராதியை எடுத்து வரச் சொன்னார்கள்.

மாட்டின் கழுத்துக்கு அடியில் மார்பு வரை தொங்கும் தோல் மடிப்பே டியூலாப். 14ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல் ஆங்கிலத்தில் வழங்கியது. 'லாப்' என்பது பழைய ஆங்கிலத்தில் ஆடையின் தொங்கும் ஓரத்தைக் குறித்தது. அதிலிருந்தே, உட்கார்ந்திருப்பவரின் மடி என்ற பொருள் பின்னர் வந்தது. தமிழிலும் ஆடையின் மடிப்பும் மடி, குழந்தை அமரும் இடமும் மடி அல்லவா!

'டியூ' எங்கிருந்து வந்தது? மாடு மேயும்போது அத்தோல் புல்லின் பனியைத் தொடுவதால் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆனால் அறிஞர்கள் அதை உறுதியாக ஏற்கவில்லை. பொருள் மறந்துபோன ஏதோ ஒரு பழஞ்சொல்லின் இடத்தில், காதுக்குப் பழகிய 'பனி' வந்து அமர்ந்திருக்கலாம் என்கின்றனர்.

பிறகு சிஸ்டர் தோழியை அழைத்து, "உன் சொல்லை விளக்கு" என்றார்கள். "எங்கள் காளை நடந்தால் அது அலையும், சிஸ்டர்" என்றாள் அவள். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது: அலைந்த தாடி, அலைகின்ற தாடி, அலையும் தாடி. முக்காலமும் காட்டும் வினைத்தொகை! இலக்கணத் தேர்வுக்கு 'ஊறுகாய்' என்றே எழுதிப் பழகிய நாங்கள், புதிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பெற்றோம்.

திமிலும் பெரிய அலைதாடியும் நம் நாட்டு மாடுகளின் அடையாளங்கள். ஐரோப்பிய மாடுகளுக்குத் திமில் இல்லை, அலைதாடியும் சிறியது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சிந்துவெளி முத்திரைகளிலும், திமில் நிமிர்ந்து அலைதாடி தொங்கும் காளையைக் காணலாம்.

ஆங்கிலேயர் தம் சொல்லின் முற்பாதிக்கு இன்னும் பொருள் தேடுகின்றனர். நம் சொல்லோ தன் பொருளைத் தானே கூறுகிறது. அதை அறியாமல் சிரித்தது நாங்கள். அறிந்திருந்தும் தலைகுனிந்து நின்றது எங்கள் தோழி. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "பொங்கலுக்கு வாருங்கள், எங்கள் காளையைக் காட்டுகிறேன்" என்றாள் அவள்.