இணையம் நின்றுவிட்டதா? 1212ஐ அழைக்குமுன்...

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாத்தளை, இறத்தோட்டைப் பக்கம் பின்னேர இடிமழையோடு இணையமும் போய்விடுவதுண்டு. வேலையும் பிள்ளைகளின் படிப்பும் அப்படியே நிற்கும்.

1. முதலில் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி சமிக்ஞை வந்து சேரவில்லை; அமைப்புகளை மாற்றிப் பயனில்லை, உடனே முறையிடுங்கள்.

2. சிவப்பு இல்லையென்றால் ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். உதவி நிலையமும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்லும்.

3. எஸ்.எல்.ரி. மொபிட்டெல் பாவனையாளர்களுக்கு இலக்கம் 1212. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். மறுநாள் வேறொருவர் எடுத்தாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

4. நிறுவனம் தீர்த்து வைக்காவிட்டால், அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை 1900இல் அழையுங்கள்.

5. இடி முழங்கத் தொடங்குமுன்பே ரவுட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். செப்புக் கம்பி இணைப்பென்றால் தொலைபேசி வயரையும்தான். மின்னல் அதன் வழியாகவும் வரும்.