இரு கடல்களுக்கு இடையே மலைச் சைக்கிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வங்கக் கடற்கரையில் தொடங்கி அரபிக் கடற்கரையில் முடியும் பல நாள் சைக்கிள் பயணத்துக்குக் காஞ்சிபுரம் இயல்பான முதல் தங்குமிடமாக அமைகிறது. பாலாறு கடலில் கலக்கும் வயலூருக்கு வடக்கே உள்ள சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வந்தால் காஞ்சிபுரத்தை மாலைக்குள் அடையலாம். மறுநாள் கைலாசநாதர் கோயிலை அடுத்த பிள்ளையார்பாளையத்தின் நெசவுத் தெருக்களைக் கடந்து செய்யாறு, ஆரணி, போளூர், திருவண்ணாமலை என மேற்கு நோக்கித் திரும்பலாம். அதற்கப்பால் செங்கம், ஊத்தங்கரை, அரூர், சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு ஆகிய ஊர்களைத் தாண்டி, பாரதப்புழை கடலில் சேரும் பொன்னானி வரை மொத்தத் தொலைவு 600 முதல் 650 கிலோமீட்டருக்குள் அடங்கும்.

இத்தகைய பயணத்துக்குப் பயன்படும் மலைச் சைக்கிள் என்பது, 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் பகுதி மலைப்பாதைகளில் பழைய சைக்கிள்களைத் திருத்தி ஓட்டியவர்களிடமிருந்து உருவான, அகன்ற டயர்களும் அதிர்வுதாங்கியும் தாழ்ந்த கியர்களும் கொண்ட வண்டியாகும். இப்பயணம் குறித்து ஆர்வலர்களிடையே வழங்கும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை வண்டியையும் தூரத்தையும் பற்றியவை. பயணத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவையோ மாதம், காற்று, மேட்டின் உயரம், வனச் சட்டம் ஆகியவை. பாவு பிணைத்துத் தறியில் ஏற்றிய பின் சேலையின் உடல் நிறத்தை மாற்ற இயலாதது போலவே, விடுப்பு எடுத்து அறைகளைப் பதிந்து புறப்பட்ட பின் இவற்றுள் எதையும் மாற்ற இயலாது.

நம்பிக்கை 1: கடலிலிருந்து கடலுக்குச் செல்பவர் மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறித்தான் ஆக வேண்டும்.

உண்மை: ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது; இதுவே பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் இடைவெளி. கடல்மட்டத்திலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலும், அதிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலக்காடு ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேற்கே செல்பவருக்கு இக்கணவாய் நீண்ட மென்சரிவாகவே தெரியும். அரூருக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள மஞ்சவாடிக் கணவாய் போன்ற சிறு ஏற்றங்களைத் தவிர, மேற்சொன்ன வழியில் மலையேற்றம் என்று சொல்லத்தக்க நாள் ஒன்றும் இல்லை.

மலையை விரும்புவோருக்கு இரண்டாம் வழி ஒன்று உண்டு. ஈரோட்டிலிருந்து கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்தை அடைந்து, குன்னூர், உதகமண்டலம், கூடலூர் என ஏறி இறங்கி, நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோட்டுக் கடற்கரையில் முடிக்கலாம். இவ்வழி கணவாய் வழியைவிடக் கூடுதலாக ஒன்றிரண்டு நாள்களைக் கோரும். இரண்டில் எதைத் தேர்வது என்பதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்வது நலம். ஈரோட்டில் நின்று முடிவுசெய்பவருக்கு வண்டியின் கியரும் சுமையும் விடுப்பும் ஏதேனும் ஒரு வழிக்குப் பொருந்தாமல் போகும்.

நம்பிக்கை 2: ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று வகுத்துக்கொண்டால் திட்டம் முடிந்தது.

உண்மை: ஒரு நாளின் கடுமையைத் தூரத்தைவிட மொத்த ஏற்றமே சரியாகக் காட்டும். மொத்த ஏற்றம் என்பது, இடையில் வரும் இறக்கங்களைக் கழிக்காமல், அன்றைய வழியில் ஏறிய உயரங்களை மட்டும் கூட்டி மீட்டரில் சொல்லும் அளவு. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலும் குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்க, இரண்டுக்கும் இடையிலான சாலை 35 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவதால், சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டர் தூரத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 95 கிலோ என்று கொண்டால், அந்த எடையை 1,500 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் ஜூல் ஆற்றல் தேவைப்படுகிறது. தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே மிதிப்பாக மாற்றுவதால், உடல் செலவிடுவது 1,340 கிலோகலோரியை ஒட்டி வரும். நடுத்தர வலிமையுள்ள ஒருவர் தொடர்ந்து 120 வாட் அளவில் மிதித்தாலும் உயர்வுக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். டயர் உராய்வையும் ஓய்வையும் சேர்த்தால் ஒரு முற்பகல் முழுவதும் அந்த 35 கிலோமீட்டரிலேயே கழியும். செய்யாறு, ஆரணிச் சமவெளியில் அதே நேரத்தில் இரு மடங்கு தூரத்தைக் கடக்க முடியும். எனவே சமவெளி நாளுக்கு 90 முதல் 100 கிலோமீட்டரும், மலை நாளுக்கு 40 முதல் 50 கிலோமீட்டரும் என்று தனித்தனியே வகுப்பதே தகும்.

நம்பிக்கை 3: மழை இல்லாத மாதமாக இருந்தால் எந்தத் திசையில் சென்றாலும் ஒன்றுதான்.

உண்மை: மற்ற எல்லாத் தவறுகளையும்விடக் கூடுதலாக வருத்துவது இந்தத் தவறே. மலைச்சுவரில் உள்ள ஒரே பெரிய வாயில் என்பதால், பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் குவிந்து வேகம் பெறுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். திசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழாகி, வறண்ட கீழைக்காற்று கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பாலக்காட்டை நோக்கி வீசுகிறது.

காற்றுத் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்து வளரும் தன்மையது. அமைதியான காற்றில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், எதிரே அதே வேகத்தில் காற்று வீசும் நாளிலும் தம் வேகத்தைக் குறைக்காமல் செல்ல முயன்றால், நான்கு மடங்கு தடையை எதிர்கொள்ள நேரும். ஆகவே காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே செல்வோருக்குத் தை, மாசி மாதங்களே உகந்தவை. அப்போது வடகிழக்குப் பருவமழையும் புயல் காலமும் முடிந்து, காற்றும் முதுகுப் பக்கம் நிற்கிறது. ஆடி மாதத்தில் விடுப்புக் கிடைப்பவர் பயணத்தைப் பொன்னானியில் தொடங்கிக் கிழக்கே திருப்பிக்கொள்ளலாம். ஆனால் கேரளத்தில் கடும் மழையை ஏற்க வேண்டியிருக்கும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் வட தமிழ்நாட்டுச் சமவெளியில் நாள் முழுவதும் மிதிப்பதை எந்தத் திசையிலும் பரிந்துரைக்க இயலாது.

நம்பிக்கை 4: கியர் எண்ணிக்கை கூடக்கூட ஏற்றம் எளிதாகும்.

உண்மை: 21 கியர் என்று விற்கப்படும் வண்டியில் முன் பல்சக்கரங்கள் மூன்றும் பின் பல்சக்கரங்கள் ஏழும் உள்ளன, இவற்றின் சேர்க்கைகளில் பல ஏறக்குறைய ஒரே பலனையே தருகின்றன. ஏற்றத்தில் கருத வேண்டியது மிகத் தாழ்ந்த கியர் ஒன்றை மட்டுமே. முன்னே 28 பல்லும் பின்னே 28 பல்லும் இருந்தால், மிதிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரமும் ஒரு சுற்றுச் சுற்றி, பெரிய சக்கர வண்டியை ஏறத்தாழ 2.3 மீட்டர் நகர்த்தும். முன்னே 32 பல்லும் பின்னே 51 பல்லும் கொண்ட 12 கியர் வண்டியோ அதே சுற்றில் ஏறத்தாழ 1.4 மீட்டர் மட்டுமே நகரும் என்பதால், செங்குத்தான வளைவிலும் மூட்டு நோகாமல் மிதிக்க முடியும். கடைக்காரரிடம் எத்தனை கியர் என்று கேட்பதைவிட, சிறிய முன் பல்சக்கரத்துக்கும் பெரிய பின் பல்சக்கரத்துக்கும் எத்தனை பல் என்று கேட்பதே பயன் தரும்.

டயரின் நிலையும் இதுவே. கட்டைப்பற்கள் கொண்ட டயர் மண்பாதையைப் பற்றிக்கொள்ளும். ஆனால் இப்பயணத்தின் பெரும்பகுதி தார்ச்சாலை என்பதால், நடுவில் வழுவழுப்பும் ஓரங்களில் மட்டும் பற்களும் உள்ள டயரே பொருந்தும்.

நம்பிக்கை 5: செல்பேசி வரைபடத்தில் பாதை தெரிந்தால் அதில் செல்லலாம்.

உண்மை: இங்கிலாந்தில் வைட்ஹேவனிலிருந்து சண்டர்லாந்து வரை, 1994இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 225 கிலோமீட்டர் கடல்–கடல் சைக்கிள் தடத்தில் வழிகாட்டிப் பலகைகள் உண்டு, அங்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையையும் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய தடமும் இல்லை, காட்டுப்பாதையில் செல்லும் பொது உரிமையும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துக்குள் பொதுச்சாலையை விட்டு விலகி நுழைய அனுமதி வேண்டும். முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களில் வரைபடம் காட்டும் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்குரியவை அல்ல.

பொதுச்சாலையிலும் கட்டுப்பாடு உண்டு. முதுமலை–பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை நடைமுறையில் உள்ளது. மேலும் இயந்திர ஓசை இல்லாத சைக்கிள், வளைவுக்கு அப்பால் நிற்கும் யானைக்குத் தன் வரவை உணர்த்துவதில்லை; ஆகவே கூடலூருக்கு மேற்கே காட்டு வழியே இறங்கும் நாடுகாணி, வழிக்கடவுப் பகுதியை நன்கு விடிந்த பின் தொடங்கி, வெயில் சாயும் முன் முடிப்பதே முறையாகும்.

நம்பிக்கை 6: ஏற்றம் முடிந்தால் உழைப்பு முடிந்தது.

உண்மை: கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். ஏறும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் காற்றுத் தடையிலும் பிரேக்கிலும் வெப்பமாகவே வெளியேற வேண்டியிருப்பதால், பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குபவரின் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். வளைவுக்கு முன்பே விட்டுவிட்டு அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துவதே சரியான முறை. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்னும் விதியும் இறங்குபவரின் நினைவில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை 7: பஞ்சர் கடை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

உண்மை: கடைகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் வால்டியூப் மாட்டிய பழைய வகை வால்வுக்கும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கும் உரியவை. விலை கூடிய மலைச் சைக்கிள்களில் வரும், நுனியில் சிறு திருகு கொண்ட மெல்லிய பிரெஸ்டா வால்வில் அந்தக் காற்றடிக்கும் குழாய்கள் பொருந்தா. விரல் நுனி அளவுள்ள பித்தளை மாற்றி ஒன்றைப் பையில் வைத்திருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்று நிரப்பிக்கொள்ளலாம். பாலாற்றுப் படுகையிலும் ஏரிக்கரைகளிலும் மண்டிய சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து நுனி முறிந்து உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. டயரின் உட்புறத்தை விரலால் தடவி அந்த நுனியைப் பிடுங்காமல் புது டியூப் மாட்டினால், அதுவும் சற்றுத் தூரத்தில் பஞ்சராகும்.

நம்பிக்கை 8: நிறையத் தண்ணீர் குடித்தால் வெயிலைச் சமாளிக்கலாம்.

உண்மை: வியர்வையில் நீருடன் உப்பும் வெளியேறுகிறது. பல மணி நேரம் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பவரின் குருதியில் சோடியத்தின் செறிவு குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை தோன்றும். நீரிழப்பின் அறிகுறிகளைப் போலவே இவையும் இருப்பதால் மேலும் தண்ணீர் குடித்து நிலைமையை மோசமாக்கிக்கொள்வோர் உண்டு. உப்பிட்ட மோர், நீராகாரம், ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓஆர்எஸ் பொட்டலம் ஆகியவை இக்குறையை ஈடுசெய்யும். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், நிரப்பிக்கொள்ளத்தக்க குப்பிகளுடன் மேட்டுப்பாளையத்தை விட்டு ஏறுவது நல்லது.

இவற்றால் தெளிவது திட்டத்தின் வரிசையே. முதலில் மாதம், அதைக்கொண்டு திசை, அடுத்துக் கணவாயா மலையா என்னும் தேர்வு, அதன்பின் அனுமதியும் நேரக் கட்டுப்பாடும், பிறகு நாள்வாரித் தூரம், இறுதியில்தான் வண்டியும் உதிரிப்பாகங்களும். திரும்பும் வழியும் இவ்வரிசையில் இடம்பெற வேண்டும். பொன்னானியில் இரயில் நிலையம் இல்லை, அருகிலுள்ளது குற்றிப்புரம், அங்கு இரயில்கள் நிற்பதோ சிறிது நேரமே என்பதால், சைக்கிளைச் சரக்குப் பெட்டியில் ஏற்றுவதற்குக் கோழிக்கோடு போன்ற பெரிய நிலையமே வசதி. பெரும்பயணத்துக்கு நாள் குறிக்கும் முன், முழு மூட்டையுடன் காஞ்சிபுரத்திலிருந்து போளூர் சென்று, ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் வரை ஏறித் திரும்பும் சோதனைப் பயணம் ஒன்றை வாசகர்கள் மேற்கொள்வது நல்லது. கியரோ பிரேக்கோ உடலோ தளருமானால், வீட்டுக்குத் திரும்பும் தொலைவிலேயே அது தெரிந்துவிடும்.